கருவேலம் இனி அக்கேசியா இல்லையா?

கேள்வி: திருத்துறைப்பூண்டி பக்கத்து ஊராட்சி எங்களுடையது. ஊரின் உயிரினங்களைப் பதியும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் கருவேலத்துக்கு 'அக்கேசியா நிலோட்டிகா', சீமைக்கருவேலத்துக்கு 'புரோசோபிஸ் ஜூலிஃப்ளோரா' என்று எழுதியிருக்கிறோம். நாற்றங்காலில் வாங்கிய கருவேலங்கன்றின் அட்டையில் 'வச்செல்லியா' என்று இருக்கிறது. எல்லாவற்றையும் மாற்றிவிடலாமா?

பதில்: மாற்றலாம். ஆனால் கணினியில் 'அக்கேசியா'வைத் தேடி ஒரே தட்டில் 'வச்செல்லியா' ஆக்கிவிடாதீர்கள். பழைய அக்கேசியா ஒரே வம்சம் இல்லை என்று மரபணு ஆய்வுகள் காட்டியதால் அது பல பேரினங்களாக (அறிவியல் பெயரின் முதல் சொல் குறிக்கும் கூட்டங்களாக) பிரிந்தது. எண்ணிக்கையில் பெரியது ஆஸ்திரேலியக் கூட்டம். 2005 வியன்னா தாவரவியல் மாநாடு அக்கேசியா என்ற பெயரை அதற்கே கொடுத்தது, 2011 மெல்போர்ன் மாநாடும் அதையே உறுதி செய்தது. கூர்முனையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லில் பிறந்த பெயர், இப்போது பெரும்பாலும் முள்ளில்லாத மரங்களிடம் இருக்கிறது! வச்செல்லியாவும் புதுப்பெயர் அல்ல. சென்னை மாகாணத்தில் மருத்துவராக இருந்த ராபர்ட் வைட், தாவரவியலாளர் ஆர்னாட்டுடன் சேர்ந்து 1834-இலேயே வைத்தது.

ஆகவே கருவேலம் வச்செல்லியா நிலோட்டிகா, வெள்வேல் வச்செல்லியா லூகோஃப்ளோயா. சீயக்காய், பிரிந்த இன்னொரு பேரினமான செனகாலியாவுக்குப் போய்விட்டது. கத்திபோல் வளைந்த இலையுள்ள அக்கேசியா ஆரிகுலிஃபார்மிஸ் ஆஸ்திரேலியப் பக்கத்து மரம், அக்கேசியாவாகவே இருக்கும். மொத்தமாக மாற்றினால் கெடுவது இந்த இரண்டு வரிகளும்தான்.

புரோசோபிஸ் 2022-இல் பிரிந்தது. சீமைக்கருவேலம் இப்போது நெல்டுமா ஜூலிஃப்ளோரா. கோயில் வன்னி மட்டும் புரோசோபிஸ் சினரேரியாவாகவே நிற்கிறது, அதைத் தொடாதீர்கள்.

பெயரை மாற்றுமுன் மரத்தைப் பாருங்கள். கருவேலம், சீமைக்கருவேலம் இரண்டுக்கும் முள் இலைக்கணுவில்தான், பெரும்பாலும் ஜோடியாக. எனவே முள்ளை மட்டும் நம்ப முடியாது. கருவேலத்தின் பூ மஞ்சள் உருண்டை. காய் மணிமாலைபோல் இடையிடையே இறுகி, சாம்பல் பூத்திருக்கும். சீமைக்கருவேலத்தின் பூ நீண்ட கதிர். காய் வழவழப்பாக, பழுத்தால் வெளிர்மஞ்சள். வன்னியின் பூவும் கதிர்தான், ஆனால் அதன் குட்டை முட்கள் கணுக்களுக்கு இடையே சிதறியிருக்கும். சீமைக்கருவேலம் அகற்றும் ஆட்களிடம் இதைச் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் வன்னிக்கன்றும் சேர்ந்து போகும்.

பதிவேட்டில் ஊர்ப்பெயரை முதலில் எழுதி, அடுத்து இன்றைய பெயர், 'முன்பு' என்று போட்டுப் பழைய பெயர். பழைய பெயரை அழித்தால், முந்தைய ஆவணங்களோடு ஒப்பிட முடியாது. உலர்தாவரத் தாள் (செடியை உலர்த்தி ஒட்டிய தாள்) வைத்திருந்தால் பழைய சீட்டைக் கிழிக்காமல், புதுப்பெயர், அதைத் தீர்மானித்தவர், தேதி எழுதிய துண்டை அருகில் ஒட்டுங்கள்.