சின்ன ஓட்டைதானே டாக்டர்!

கேள்வி: என் தம்பி பைக்ல இருந்து விழுந்து முழங்காலுக்குக் கீழ எலும்பு உடைஞ்சிடுச்சு. அந்த இடத்துல தோல்ல ஒரு பொட்டு சைஸ்ல காயம், லேசா ரத்தம் கசிஞ்சுது, அவ்ளோதான், எலும்பு வெளிய தெரியக்கூட இல்ல. ஆனா ஆஸ்பத்திரியில அதைப் பாத்ததும் பரபரன்னு ஆன்டிபயாடிக் ஊசி போட்டு அன்னிக்கே தியேட்டருக்கு கொண்டு போயிட்டாங்க. இவ்ளோ அவசரம் நிஜமாவே தேவையா, இல்ல பில்லை ஏத்தறதுக்கா?

பதில்: பில் மேல சந்தேகப்படறது தப்பில்ல, நானே பட்டிருக்கேன். ஆனா இதுல அவங்க செஞ்சது சரி. விழுந்த அந்த ஒரு நொடியில என்ன நடக்குதுன்னு யோசிங்க, உடைஞ்ச எலும்போட கூர்முனை உள்ள இருந்து ஊசி மாதிரி தோலைக் குத்திட்டு வெளிய வந்து, ரோட்டு மண்ணைத் தொட்டுட்டு, கால் நேரானதும் திரும்ப உள்ள போயிடும். நீங்க பாக்கறப்போ மிச்சம் இருக்கறது அந்தப் பொட்டு மட்டும்தான். திறந்து பாத்தா உள்ள பேன்ட்டோட நூல் கிடக்கும், மண் கிடக்கும். கசியற ரத்தத்து மேல எண்ணெய்த் துளி மாதிரி மினுமினுன்னு ஏதாவது மிதந்தா அது எலும்பு மஜ்ஜையோட கொழுப்பு, காயம் எலும்பு வரைக்கும் போயிருக்குன்னு அதுவே காட்டிக் கொடுத்துடும்.

தோல் கிழியாத முறிவுல வெளியில இருந்து கிருமி உள்ள போக வழியே இல்ல, அதனால ஆபரேஷன் பண்ணாத வரைக்கும் இன்ஃபெக்‌ஷன் பயம் ரொம்பக் குறைவு. தோல்ல ஓட்டை விழுந்துட்டா கதையே வேற. 1976ல கஸ்டிலோ, ஆண்டர்சன்னு ரெண்டு டாக்டருங்க இந்தத் திறந்த முறிவுகளை மூணு வகையா பிரிச்சாங்க, 1 சென்டிமீட்டருக்குக் கீழ இருந்தா முதல் வகை, அங்க நூத்துக்கு ரெண்டு பேருக்குள்ளதான் இன்ஃபெக்‌ஷன் வரும். 10 சென்டிமீட்டருக்கு மேல கிழிஞ்சதோ இல்ல சதையே நசுங்கிப் போனதோ மூணாவது வகை, அதுல பத்துல ஒருத்தர்ல ஆரம்பிச்சு பாதிப் பேர் வரைக்கும் கூட போகும். ஆனா வெளிய சின்னதா தெரியற ஓட்டைக்குள்ள சதை எவ்ளோ நசுங்கியிருக்குன்னு திறந்து பாத்தாத்தான் தெரியும், அதனால எந்த வகைன்னு தியேட்டர்லதான் முடிவாகும்.

முடிஞ்சா முதல் 1 மணி நேரத்துக்குள்ள ஆன்டிபயாடிக் உள்ள போயிடணும், அதுல தாமதமே கூடாது. கழுவி செத்த சதையை வெட்டி எடுக்கறதுக்கு முன்னாடியெல்லாம் 6 மணி நேரம்னு கெடு வச்சிருந்தாங்க, இப்போ பெரும்பாலான காயங்களுக்கு 24 மணி நேரம் வரைக்கும் ஒத்துக்கறாங்க, சாக்கடை, சாணி பட்டதும் ரத்த ஓட்டம் நின்னு போனதும் மட்டும் உடனே பண்ணியாகணும். கழுவறதுக்குன்னு பிரமாதமா எதுவும் வேண்டாம், 2015ல 2,400க்கும் மேற்பட்டவங்களை வச்சு வந்த ஒரு ஆய்வுல சோப்புத் தண்ணியை விட சாதா சலைன்தான் நல்லதுன்னு தெரிஞ்சுது, பீச்சி அடிக்கற பிரஷர் கூட ஒரு வித்தியாசமும் பண்ணல.

இன்னொண்ணு, வீட்டுல யாருக்காவது இப்படி ஆனா எலும்பை உள்ள தள்ளாதீங்க, பொடி களிம்புன்னு எதையும் அப்பாதீங்க. ஒரு போட்டோ எடுத்துட்டு சலைன்ல நனைச்ச சுத்தமான துணியால மூடிடுங்க, போட்டோ இருந்தா வர்றவங்க எல்லாரும் கட்டைப் பிரிச்சுப் பிரிச்சுப் பாக்க வேண்டியிருக்காது. சாப்பிடக் குடிக்க எதுவும் குடுக்காதீங்க, மயக்க மருந்து குடுக்க வேண்டி வரும்.

1865ல கிளாஸ்கோவுல வண்டிச் சக்கரம் ஏறி இதே மாதிரி கால் உடைஞ்சு 11 வயசுப் பையன் ஒருத்தன் வந்தான், அந்தக் காலத்துல இதுக்கு காலையே எடுக்கறதுதான் வழக்கம், ஜோசப் லிஸ்டர் கார்பாலிக் ஆசிட்ல நனைச்ச துணியைக் கட்டி சீழே பிடிக்காம ஆற வச்சார். உங்க தம்பிக்கு போட்ட ஊசியெல்லாம் அந்த வழியில வந்ததுதான்.

கேள்வி: கால்ல பிளேட் வச்சு 1 வருஷம் ஆச்சு. இப்போ தழும்பு ஓரத்துல குண்டூசி அளவு ஓட்டை, அதுல இருந்து தண்ணி மாதிரி வருது. வலி இல்ல. மாத்திரை போட்டா நிக்குது, விட்டா மறுபடி வருது. நடக்கறேன், வேலைக்குப் போறேன். விட்டுடலாமா?

பதில்: விடாதீங்க. வலி இல்லாததுதான் இங்க உங்களை ஏமாத்துது. கிருமிங்க அந்த பிளேட் மேல பிசுபிசுன்னு ஒரு படலம் கட்டிட்டு உக்காந்திருக்கும், மாத்திரை அதுக்குள்ள ஊடுருவாது. பக்கத்துல ரத்த ஓட்டம் இல்லாம செத்துப்போன எலும்புத் துண்டு இருந்தா அங்கயும் மருந்து போகாது, ஏன்னா மருந்தே ரத்தத்துலதானே போகணும். அதான் மாத்திரை போட்டா வாயை மூடிக்கும், நிறுத்தினா திறக்கும்.

மெடிக்கல் ஷாப்புல மறுபடி மறுபடி மருந்து வாங்கிப் போடறதை முதல்ல நிறுத்துங்க, அது கிருமியைக் கொல்லாது, எந்தக் கிருமின்னு வளத்துப் பாக்கற கல்ச்சர் ரிப்போர்ட்டைத்தான் கெடுக்கும். காய்ச்சல் நடுக்கம் எதுவும் இல்லாட்டி, டாக்டரே மருந்தை ரெண்டு வாரம் நிறுத்தி வச்சுட்டுத்தான் சாம்பிள் எடுப்பார். ஓட்டை வாயில பஞ்சை வச்சு எடுத்தது போதாது, அதுல தோல்ல இருக்கற கிருமிதான் வரும், உள்ள எலும்புகிட்ட நாலஞ்சு இடத்துல இருந்து எடுக்கணும். எலும்பு கூடியிருந்தா பிளேட்டைக் கழட்டி செத்த எலும்பைச் சுரண்டிட்டு பொதுவா 6 வாரம் மருந்து குடுப்பாங்க. கூடலன்னா கொஞ்சம் சிக்கல், கம்பியை வெளியில மாட்டற ஃபிக்ஸேட்டர் வரைக்கும் போகலாம். சிகரெட் பழக்கம் இருந்தா இப்பவே விடுங்க, சுகர் இருந்தா கன்ட்ரோல் பண்ணுங்க, ரெண்டுமே எலும்பு கூடறதைத் தள்ளிப்போடும்.

கேள்வி: கீறினது துருப்பிடிச்ச கம்பி இல்ல, தோட்டத்து மண்ணுல கிடந்த புது ஆணிதான். டிடி ஊசி வேணுமா?

பதில்: துருவுக்கும் டெட்டனஸுக்கும் சம்பந்தமே இல்ல, கிருமி இருக்கறது மண்ணுலயும் சாணியிலயும். அழுக்குக் காயம்னா கடைசி ஊசி போட்டு 5 வருஷம் தாண்டியிருந்தா போடணும், சுத்தமான காயத்துக்கு 10 வருஷம். சின்ன வயசுல தடுப்பூசியே முழுசா போடலன்னா அதைத் தனியா சொல்லுங்க, வேற ஊசியும் சேத்துப் போடணும்.

கேள்வி: ஒரு தகராறுல ஒருத்தனை முகத்துல கையால குத்திட்டேன், நடு விரல் முட்டியில அரை சென்டிமீட்டர் வெட்டு. ரெண்டு நாள்ல கை வீங்கிடுச்சு. (பெயர் வேண்டாம்)

பதில்: இதைப் படிக்கறதை நிறுத்திட்டு இப்பவே கிளம்புங்க. வெட்டினது அவரோட பல்லு. முஷ்டியை மடக்கினப்போ அது தோலையும் மூட்டோட உறையையும் ஒரே நேர்ல ஓட்டை போட்டிருக்கும், நீங்க கையை விரிச்சதும் ரெண்டு ஓட்டையும் விலகிடுச்சு, வாய்க் கிருமி மூட்டுக்குள்ள மாட்டிக்கிச்சு. அதனால விரிச்ச கையைப் பாக்கறவங்களுக்கு சின்ன வெட்டாத்தான் தெரியும், மடக்கிக் காட்டுங்க. உள்ள உடைஞ்ச எலும்போ பல்லுத் துண்டோ இருக்கான்னு எக்ஸ்ரே எடுப்பாங்க. தையல் போட்டு மூடச் சொல்லி கேக்காதீங்க. கதவுல இடிச்சுக்கிட்டேன்னு கதை விடாதீங்க, போடற ஆன்டிபயாடிக்கே மாறும்.