சாட்ஸ்வொர்த்: அம்மாவுக்கு முழங்கால் வலி, பையனுக்கு ஐந்து வயது

இங்கிலாந்தின் டெர்பிஷயரில் இருக்கும் சாட்ஸ்வொர்த் மாளிகைக்கு அம்மாவையும் பையனையும் கூட்டிப் போகிறோம், கையில் ஒரே நாள், மாளிகை முதலிலா தோட்டம் முதலிலா என்று கேட்டிருந்தீர்கள். மாளிகையையே முதலில் வையுங்கள். காலையில் பையனுக்குப் பொறுமை இருக்கும். எல்லா அறைகளிலும் நிற்க வேண்டாம். ஆனால் இசை அறையில் உள்கதவில் தொங்கும் வயலினை அவனுக்குக் கட்டாயம் காட்டுங்கள். அது வெறும் ஓவியம். பெரியவர்களே நம்ப மாட்டார்கள். உள்ளே படிகள் உண்டு, லிஃப்ட் வசதி பற்றி முன்கூட்டியே போனில் கேட்டுவிடுங்கள்.

தோட்டம் 105 ஏக்கர். மேட்டுப் பக்கம் அம்மாவை ஏற்றாதீர்கள், பாவம். தென்புறம் நீளமான குளம் இருக்கிறது, அந்தப் பக்கம் சமதளம். அங்கே உட்கார்ந்தே எம்பரர் நீரூற்றைப் பார்க்கலாம். ரஷ்யப் பேரரசர் ஜார் வரப்போகிறார் என்று 1844இல் அங்கே தலைமைத் தோட்டக்காரராக இருந்த ஜோசப் பாக்ஸ்டன் கட்டியது. ஜார் வரவே இல்லை! பம்ப் எதுவும் கிடையாது. மேலே குன்றில் வெட்டிய ஏரியிலிருந்து இறங்கும் தண்ணீரின் அழுத்தம்தான் அதை அப்படி எழுப்புகிறது. எனக்கு அங்கே மிகவும் பிடித்தது இதுதான்.

அம்மா அங்கே உட்கார்ந்திருக்கும் நேரத்தில் நீங்கள் பையனை வில்லோ மரத்துக்குக் கூட்டிப் போங்கள். உலோக மரம், கிளைகளிலிருந்து தண்ணீர் பீச்சும். நனைவான், மாற்று உடை எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் புதர்வேலிப் புதிர்ப்பாதை. அங்கே விலங்குப் பண்ணையும் உண்டு, அதற்குத் தனி டிக்கெட். நேரம் இருந்தால் மட்டும்.

சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போங்கள். டெர்வென்ட் ஆற்றோரப் பூங்காவில் நடக்க டிக்கெட் தேவையில்லை, வண்டி நிறுத்தத்தான் காசு. செம்மறிகள் மேயும் இடம், அதனால் தடிமனான விரிப்பு வேண்டும்.