வளாகத்துக்குள் மாமாவுக்காக நோட்டீஸ் கொடுக்கலாமா?

கேள்வி: நான் திருகோணமலையில், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகத்தில் மூன்றாம் வருடம் படிக்கிறேன். மாகாண சபைத் தேர்தல் வந்தால் என் மாமா போட்டியிட இருக்கிறார். கன்ரீனில் சின்னதாக ஒரு கூட்டம் வைத்து, விடுதியில் நோட்டீஸ் கொடுக்க நண்பர்கள் தயார். தன்னை ‘இணைப்பாளர்’ என்று சொல்லும் ஒருவர், 15,000 ரூபாயும் எங்கள் நாலு பேரின் அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ் பிரதிகளும் தந்தால் வளாகத்தில் அனுமதி எடுத்துத் தருகிறேன் என்கிறார். இதனால் என் படிப்புக்குப் பிரச்சினை வருமா?

பதில்: முதலில் அந்தக் காசைக் கொடுக்காதீர்கள், தம்பி. பிரதிகளையும் கொடுக்காதீர்கள். மிச்சத்தைப் பிறகு பேசலாம்.

தேர்தல் காலத்தில் அரச சொத்தை வைத்து ஒரு வேட்பாளரை வெல்லவைக்கவோ தோற்கடிக்கவோ முயல்வதைத் தடுக்கும் அதிகாரம் தேர்தல்கள் ஆணைக்குழுவுக்கு இருக்கிறது. அரசியலமைப்பின் 104ஆ உறுப்புரை அது. கன்ரீன், விரிவுரை மண்டபம், விடுதி, வளாக பஸ், அலுவலகத்து ஃபோட்டோகொப்பி மெஷின் எல்லாம் அதற்குள் அடங்கும். அந்தச் சொத்துக்குப் பொறுப்பானவர் ஆணைக்குழுவின் பணிப்புரைக்குக் கட்டுப்பட்டே ஆகவேண்டும். ஆகவே வளாக முதல்வரே விரும்பினாலும் உங்கள் மாமாவுக்காகக் கன்ரீனைத் திறந்துவிட முடியாது. முதல்வரால் முடியாததை இந்த இணைப்பாளர் 15,000 ரூபாய்க்கு முடித்துத் தருவாராம்!

தேர்தல் அறிவிக்காத காலத்தில்? அப்போது வளாகத்தின் சொந்த ஒழுங்குவிதிதான். கூட்டம் என்றால் எழுத்தில் அனுமதி வேண்டும், கட்சிக் கூட்டம் என்றால் அநேகமாகக் கிடைக்காது. மாணவர் ஒன்றியத்தின் பெயரில் கேட்டு உள்ளே மாமாவைப் பேசவைக்கலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். செய்யாதீர்கள். பிடிபட்டால் கையெழுத்துப் போட்டவர்தான் மாட்டுவார்.

அந்த இணைப்பாளர் பிறப்புச் சான்றிதழ் கேட்பதுதான் எனக்கு உறுத்துகிறது. மண்டப அனுமதிக்கு எந்த ஊரில் பிறப்புச் சான்றிதழ் கேட்கிறார்கள்? உள்ளூராட்சித் தேர்தல் வேட்புமனுவில் இளைஞருக்குக் கட்டாய ஒதுக்கீடு உண்டு. வயதை உறுதிப்படுத்த ஆவணம் இணைக்க வேண்டும். 2025இல் அந்தப் பிரதிகள் ஒழுங்காக இல்லை என்று எத்தனையோ வேட்புமனுக்கள் நிராகரிக்கப்பட்டு, விஷயம் நீதிமன்றம் வரை போனது. அதிலிருந்து இளம் பிள்ளைகளின் ஆவணங்களுக்கு ஒரு கிராக்கி. ‘அனுமதிக் கடிதம்தான், இதில் ஒரு கையெழுத்து’ என்று நீட்டப்படும் தாள் வேட்பாளர் சம்மதப் பத்திரமாக இருந்தால், நீங்கள் கேள்விப்படாத ஒரு சுயேச்சைக் குழுவில் வேட்பாளராகி நிற்பீர்கள். அதோடு முடிந்தால் பரவாயில்லை. 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேர்தல் செலவினச் சட்டப்படி, முடிவு வெளியாகி 21 நாட்களுக்குள் ஒவ்வொரு வேட்பாளரும் செலவுக் கணக்குக் காட்ட வேண்டும். ஒரு சதமும் செலவழிக்காதவரும்தான். காட்டாவிட்டால் குற்றம். பட்டம் வாங்கும் வருடத்தில் பொலிஸ் கடிதம் வீட்டுக்கு வரும், இணைப்பாளரின் தொலைபேசி அணைந்திருக்கும். எழுத்து விளங்காத மொழியில் இருக்கும் எந்தத் தாளிலும் கையெழுத்து வைக்காதீர்கள். சிங்களத்தில் மட்டும் படிவம் கொடுத்துவிட்டு ‘தமிழ்ப் பிரதி வரும்’ என்று சொல்லும் அலுவலகங்கள் இந்த மாகாணத்தில் இன்னும் இருக்கின்றன. அந்த இடைவெளியில்தான் இப்படியானவர்கள் பிழைக்கிறார்கள்.

நோட்டீசுக்கு வருவோம். அச்சிட்டவர், வெளியிட்டவர் இருவரின் பெயரும் முகவரியும் நோட்டீசின் முகப்பில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது ‘ஊழல் செயல்’ என்ற வகைக் குற்றம். தீர்ப்பு வந்தால் 7 வருடத்துக்கு வாக்காளர் இடாப்பில் பெயர் இருக்காது. நகரில் அவசரத்துக்கு அச்சடித்துக் கொடுக்கும் சில இடங்களில் இதைக் கேட்கவே மாட்டார்கள், நீங்கள்தான் கேட்க வேண்டும். நோட்டீசோடு கொத்துரொட்டிப் பார்சல் கொடுக்கும் யோசனை இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். வாக்குக் கேட்டு உபசரிப்பதும் அதே வகைக் குற்றம்தான். வேட்புமனுத் தினத்திலிருந்து வாக்களிப்புக்கு மறுநாள் வரை பொது இடத்தில் சுவரொட்டி கூடாது, நிலாவெளி வீதிப் பக்கம் இருக்கும் வளாக மதிலும் அதில் சேர்த்தி. ஊர்வலமும் கூடாது. வாசலுக்கு வெளியே நின்று ஆளுக்கு ஆள் கையில் கொடுப்பதில் தவறில்லை, வாக்களிப்புக்கு முந்தைய 48 மணி நேரம் தவிர. வாட்ஸ்அப்பில் அனுப்புவதையும் அந்த நேரத்தில் நிறுத்திவிடுங்கள்.

உள்ளே சட்டத்தோடு செய்யக்கூடியது என்று கேட்டால் ஒன்றுதான் இருக்கிறது. போட்டியிடும் எல்லாத் தரப்பையும் அழைத்து நடத்தும் கேள்வி-பதில் அரங்கு. ‘எல்லாத் தரப்பும்’ என்றால் எல்லாத் தரப்பும்தான். மாமாவையும் அவருக்குப் பிடித்த இன்னும் இருவரையும் கூப்பிட்டுவிட்டு மற்றவர்களுக்கு நேரமில்லையாம் என்று சொல்வது செல்லாது. ஒரே வார்த்தைகளில், ஒரே நாளில், எல்லோருக்கும் அழைப்புப் போக வேண்டும். ஆளுக்கு ஒரே அளவு நேரம். மேடையில் கொடி, சின்னம், விருப்பு இலக்கம் எதுவும் இருக்கக்கூடாது. நடத்துபவர் மாணவராக இல்லாமல் விரிவுரையாளர் ஒருவராக இருப்பது நல்லது. வளாகத்தின் அனுமதியை எழுத்தில் எடுத்து, மாவட்டத்தில் தேர்தலை நடத்தும் தெரிவத்தாட்சி அலுவலருக்கும் ஒரு பிரதி கொடுங்கள். உங்கள் மாமா என்பதால் நீங்கள் ஏற்பாட்டுக் குழுவில் இருக்க வேண்டாம். பார்வையாளராக உட்காருங்கள். ஆனால் அனுமதிக் கடிதத்துக்குப் பதில் வரும் என்று காத்திருந்தால் தேர்தலே முடிந்துவிடும். கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது. அதற்குப் பிறகு ஆண்டுக்கணக்காக மாகாண சபைத் தேர்தலே வைக்காத நாட்டில் ஒரு மண்டபக் கடிதத்துக்கு என்ன அவசரம்!

விடுதிப் பிரசாரத்தால் மாமாவுக்குப் பெரிய லாபமும் இல்லை. உங்கள் பக்கத்து அறையில் இருக்கும் யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கும் மாத்தறைப் பிள்ளைக்கும் வாக்கு அவரவர் ஊரில். நிலாவெளி, உப்புவெளி வீடுகளில் ஏறி இறங்குவது எவ்வளவோ மேல்.

படிப்பைப் பற்றிக் கேட்டீர்கள். மாமாவை ஆதரிப்பதும் கட்சியில் சேர்வதும் குற்றமில்லை. விதியை மீறி உள்ளே பிரசாரம் செய்தால் ஒழுக்காற்று விசாரணை வரலாம், வகுப்புத் தடையும் வரலாம். விசாரணைக் கடிதம் வந்தால் வாயால் பதில் சொல்லாமல் எழுத்தில் கொடுங்கள்.

காசு ஏற்கனவே கைமாறியிருந்தால் அந்த ஆள் அனுப்பிய குரல்பதிவுகளையும் குறுஞ்செய்திகளையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு பொலிஸில் முறைப்பாடு போடுங்கள். ஆவணப் பிரதி கொடுத்திருந்தால் மாவட்டத் தேர்தல் அலுவலகத்துக்கும் ஒரு கடிதம். தபாலில் போடாதீர்கள். நேரே கொண்டுபோய்க் கொடுத்து, உங்கள் பிரதியில் திகதி முத்திரை குத்தி வாங்குங்கள். முத்திரை குத்துபவர் சாப்பிடப் போயிருக்கிறார் என்பார்கள். இருந்து வாங்கிக்கொண்டு வாருங்கள்.