லாகின் ஆகிறது, லிஸ்ட் வரவில்லை: ஃபைல் சர்வர் லாக் பற்றிச் சில கேள்விகள்

கும்பகோணம், போட்டோ ஸ்டுடியோ: அண்ணே, கல்யாண ஆல்பம் படங்களை அச்சகத்து சர்வருக்கு ஃபைல்ஜில்லாவில் அனுப்புகிறேன். பாஸ்வேர்டை ஏற்கிறது, ஃபோல்டர் லிஸ்ட் வரவில்லை. 'உங்க நெட்தான் சரியில்லை' என்கிறார்கள்.

பதில்: நெட்டைத் திட்டுவதற்கு முன் லாக்கை, அதாவது புரோகிராம் தான் செய்வதை வரிவரியாக எழுதும் பதிவை, பார்ப்போம். செட்டிங்ஸில் டீபக் பக்கத்தில், லாக் எவ்வளவு விரிவாக வேண்டும் என்ற அளவு 0 முதல் 4 வரை இருக்கும். 3 வையுங்கள். லாகிங் பக்கத்தில் நேரம் காட்டுவதையும், ஃபைலில் எழுதுவதையும் டிக் செய்துவிட்டு மறுபடி கனெக்ட் செய்யுங்கள்.

எஃப்டிபியில் (ஃபைல் அனுப்பும் முறை) இணைப்பு இரண்டு. 21ஆம் போர்ட்டில் (இணைப்பு நுழையும் எண்ணிட்ட வாசல்) பேச்சு, அதாவது கட்டளைகள்; இன்னொரு போர்ட்டில் சரக்கு, அதாவது லிஸ்டும் ஃபைல்களும். உங்களுக்குப் பேச்சு நடக்கிறது, சரக்கு வரவில்லை. லாக்கில் 227 என்று தொடங்கும் வரியைத் தேடுங்கள். அடைப்புக்குறிக்குள் ஆறு எண்கள் இருக்கும், உதாரணமாக 192,168,1,20,195,149. முதல் நான்கும் சர்வரின் முகவரி. ஐந்தாவதை 256ஆல் பெருக்கி ஆறாவதைக் கூட்டினால் போர்ட்: 195 × 256 + 149 = 50069.

இங்கே இரண்டு கோளாறு இருக்கலாம். 192.168 என்பது அச்சகத்துக்குள் மட்டும் செல்லும் முகவரி, கும்பகோணத்திலிருந்து அதை எட்ட முடியாது. ஃபைல்ஜில்லா அதைக் கண்டுகொண்டு, சர்வரின் வெளி முகவரியையே பயன்படுத்துவதாக ஒரு வரி எழுதிவிட்டு முயன்று பார்க்கும். அதன் பிறகும் 20 விநாடியில் டைம் அவுட் என்று வந்தால், 50069 அவர்கள் ரவுட்டரில் திறக்கப்படவில்லை என்றே சந்தேகப்படுவேன். சரக்குக்காக சர்வர் திறக்கும் இந்த பேசிவ் போர்ட்டுகளுக்கு ஒரு வரம்பு வைத்து, அந்த வரம்பை ரவுட்டரில் திறக்க வேண்டியது அவர்கள் வேலை. 227 வரியை அப்படியே வாட்ஸ்ஆப்பில் அனுப்புங்கள், வாக்குவாதம் மிச்சம்.

மன்னார்குடி, அரிசி ஆலை: எங்கள் விஎஸ்எஃப்டிபிடி (எஃப்டிபி சர்வர் புரோகிராம்) லாக்கில் எந்த ஃபைல் ஏறியது என்பது மட்டும்தான் இருக்கிறது. கிளையன்ட் (சர்வரோடு இணையும் புரோகிராம்) என்ன கேட்டது, சர்வர் என்ன சொன்னது என்று பார்க்க முடியவில்லையே?

பதில்: சர்வரின் செட்டிங்ஸ் ஃபைலில் 'லாக் எஃப்டிபி புரோட்டோகால்' என்ற வரியை யெஸ் ஆக்குங்கள் (சொற்களுக்கு நடுவே அடிக்கோடு). பலர் இதோடு நிறுத்திவிட்டு 'ஒன்றும் வரவில்லை' என்பார்கள். 'எக்ஸ்ஃபர்லாக் எஸ்டிடி ஃபார்மேட்' யெஸ் ஆக இருந்தால் முதல் வரிக்குப் பலனே இல்லை, அதை நோ ஆக்கி ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

கிளையன்ட் லாக்கையும் அதே நேரத்தில் எடுத்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். வயலில் தண்ணீர் இல்லையென்றால் வயலையே பார்த்துக்கொண்டு நிற்போமா, வாய்க்காலோடு நடந்து எங்கே நின்றது என்றுதானே பார்ப்போம். கிளையன்ட் அனுப்பியதாகச் சொல்லும் கட்டளை சர்வர் லாக்கில் இல்லையென்றால், கோளாறு நடுவில்தான்.

திருவாரூர்: எங்களுடையது எஸ்எஃப்டிபி (எஸ்எஸ்ஹெச் வழியாக ஃபைல் அனுப்பும் முறை). எஸ்எஸ்ஹெச்டி என்ற சர்வர் புரோகிராமில் லாக் அளவை டீபக்3 என்று வைத்து அப்படியே விட்டுவிடலாமா?

பதில்: விடாதீர்கள். நான் ஒரு அலுவலகத்தில் வெள்ளிக்கிழமை மாலை போட்டுவிட்டு அணைக்க மறந்தேன், திங்கள் காலை டிஸ்க் நிரம்பிக் கிடந்தது. டீபக் அளவு பயனரின் அந்தரங்கத்தை மீறும் என்று ஓபன்எஸ்எஸ்ஹெச் கையேடே எச்சரிக்கிறது. தகராறு செய்யும் ஒரு பயனருக்கு மட்டும், செட்டிங்ஸ் ஃபைலின் மேட்ச் பகுதிக்குள் லாக் லெவலை உயர்த்தலாம். யார் எந்த ஃபைலைத் திறந்தார், எத்தனை பைட் போனது என்றுதான் வேண்டுமென்றால், சப்சிஸ்டம் வரியில் 'இன்டர்னல்-எஸ்எஃப்டிபி'க்குப் பின்னால் '-எல் வெர்போஸ்' சேர்த்தால் போதும். கிளையன்ட் பக்கம் விரிவான லாக் வேண்டுமென்றால், எஸ்எஃப்டிபி கட்டளையோடு '-விவிவி' (மூன்று 'வி') சேருங்கள்.

மயிலாடுதுறை, கல்லூரி மாணவர்: சார், கர்ல் (கட்டளை வரியில் ஃபைல் அனுப்பும் புரோகிராம்) லாக்கை நண்பர்கள் குரூப்பில் போட்டு உதவி கேட்கலாமா?

பதில்: கேட்கலாம், முதலில் 'பாஸ்' என்று தொடங்கும் வரியை அழித்துவிடுங்கள். எஃப்டிபியில் கர்லின் லாக் பாஸ்வேர்டை அப்படியே எழுதிவிடும். ஃபைல்ஜில்லா அதை நட்சத்திரமாக்கும். வின்எஸ்சிபி என்ற இன்னொரு புரோகிராமில் பாஸ்வேர்டையும் பதியச் சொல்லும் ஒரு டிக் இருக்கிறது, அது காலியாகவே இருக்கட்டும். ஏற்கெனவே போட்டுவிட்டீர்கள் என்றால் இப்போதே பாஸ்வேர்டை மாற்றுங்கள், அப்புறம் மற்றதைப் பேசலாம்.

நாகப்பட்டினம்: மதியம் 3:10க்கு அப்லோடு அறுந்தது. சர்வர் லாக்கில் அந்த நேரத்தில் ஒரு வரிகூட இல்லையே?

பதில்: சர்வரில் 'டேட்' என்று அடித்துப் பாருங்கள். யுடிசி (உலகப் பொது நேரம்) என்று காட்டினால் நம் கடிகாரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. காலை 9:40ல் தேடுங்கள்.