ஏழடி ஹோஸும் மஞ்சள் ஆக்டோபஸும்

அன்புள்ள சார்,

நானும் என் தங்கையும் போன சீசனில் அந்தமான் ஹேவ்லாக்கில் ஸ்கூபா டைவிங்கின் முதல் படியான ஓப்பன் வாட்டர் கோர்ஸ் முடித்தோம், உங்களிடம் அல்ல, வேறு இடத்தில். நீங்கள் பேக்பிளேட் (முதுகுத் தகடு), விங் (அதில் மாட்டும் காற்றுப்பை), ஏழடி ஹோஸ் (மூச்சுக்காற்று வரும் நீளக் குழாய்) போட்டுக்கொண்டுதான் டைவ் செய்வதாக ஒரு கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். ஆனால் உங்கள் மாணவர்களின் படங்களில் எல்லோரும் சாதாரண ஜாக்கெட்டும் (காற்று ஊதி மிதக்கிற உடுப்பு) மஞ்சள் ஆக்டோபஸும்தான் (காற்று தீர்ந்தவருக்குக் கொடுக்கிற உபரி மூச்சுக்கருவி) போட்டிருக்கிறார்கள். நல்லது உங்களுக்கு, மற்றது மாணவர்களுக்கா? காசுதான் காரணமா? இன்னொன்று, 62 கிலோ எடையுள்ள எனக்கு 3 மி.மீ. தடிமனுள்ள டைவிங் சூட்டோடு, மூழ்குவதற்காக எட்டு கிலோ ஈயம் கட்டினார்கள். அது சரியா? நாங்கள் சொந்தமாக வாங்குவதென்றால் எதில் தொடங்கலாம்?

ஒரு வாசகர், மதுரை

அன்புள்ள நண்பருக்கு,

கேட்க வேண்டிய கேள்விதான். மாணவர் தன் உடம்பில் மாட்டிக்கொள்கிற ஒவ்வொன்றையும் ஏன் இது, ஏன் அது இல்லை என்று ஆசிரியரிடம் கேட்கலாம், ஆசிரியருக்கு பதில் தெரிந்திருக்க வேண்டும்.

காசு காரணமில்லை. பேக்பிளேட்டும் விங்கும் வாங்குகிற விலைக்குப் பக்கத்திலேயே நல்ல ஜாக்கெட்டும் இருக்கிறது. நான் பார்ப்பது வேறு. காற்று தீர்ந்துபோன ஒருவர் தண்ணீருக்குள் பக்கத்தில் இருப்பவரிடம் வருகிறார் என்றால், அந்தப் பக்கத்து ஆள் என்ன போட்டிருப்பார், வருகிறவர் எதைத் தேடிக் கை நீட்டுவார்?

ஏழடி ஹோஸ் குகையிலிருந்து வந்தது. பேர்பெற்ற அமெரிக்கக் குகை டைவர் ஷெக் எக்ஸ்லி காலத்து ஃபுளோரிடா குகை டைவர்களின் ஏற்பாடு அது. குகையின் இடுக்கில் இரண்டு பேர் பக்கம்பக்கமாக நீந்த முடியாது, ஒருவர் பின் ஒருவராகத்தான் வெளியே வர வேண்டும், குட்டை ஹோஸில் காற்றைப் பகிர்ந்துகொண்டு அது நடக்காது, அதனால் 2.1 மீட்டர். கொடுப்பவர் தன் வாயில் இருக்கிற, நீள ஹோஸில் உள்ள மூச்சுக்கருவியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, கழுத்தில் ரப்பர் கயிற்றில் தொங்குகிற இரண்டாவதைத் தான் கடித்துக்கொள்வார். வாயில் இருப்பது வேலை செய்கிறது என்பதில் சந்தேகமே இல்லை. பதறி வருகிறவர் கண்ணில் முதலில் படுவதும் அதுதான், பல நேரம் அதையே பிடுங்கவும் வருவார். வகுப்பில் காற்று கொடுக்க வேண்டிய ஆள் நான். அதனால் நான் அதைப் போடுகிறேன்.

முதல் கோர்ஸிலேயே நீள ஹோஸோடு சொல்லிக்கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். 1998-இல் ஜாரட் ஜப்லோன்ஸ்கி முன்னின்று ஆரம்பித்த டைவிங் பயிற்சி அமைப்பான ஜி.யு.இ. (Global Underwater Explorers) அப்படித்தான். எனக்கு அவர்கள் மேல் பெரிய மரியாதை உண்டு. ஆனால் அங்கே குழுவில் எல்லோரும் ஒரே மாதிரிதான் போடுவார்கள், எந்த ஹோஸ் எங்கே இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். என் மாணவர் நிலைமை வேறு. அடுத்த லீவுக்கு மாலத்தீவோ தாய்லாந்தோ போவார், வாடகைக்கு ஜாக்கெட்டும் மஞ்சள் ஆக்டோபஸும் கொடுப்பார்கள், ஜோடியாக இறங்குகிறவர் அன்று காலை படகில் அறிமுகமானவராக இருப்பார். அந்த ஆளும் இவரும் ஒரே பழக்கத்தில் இருக்க வேண்டும். என் காரணமும் ஜி.யு.இ. காரணமும் ஒன்றுதான், இடம் வேறு என்பதால் முடிவு வேறாகிறது.

நீள ஹோஸை மாட்டுவதிலும் விஷயம் இருக்கிறது. வலது பக்கமாக இறங்கி, இடுப்பில் செருகி, மார்பைக் குறுக்கே கடந்து, கழுத்துக்குப் பின்னால் சுற்றி வாய்க்கு வரவேண்டும். தோள்பட்டைக்கு அடியில் மாட்டிக்கொண்டால், கொடுக்க வேண்டிய நொடியில் இழுத்தால் வராது. மாஸ்க்கில் தண்ணீர் வந்தாலே திணறுகிற முதல் வாரத்தில் இதையும் அவர்கள் தலையில் ஏற்ற நான் விரும்பவில்லை. ஆனால் ஆக்டோபஸ் எப்படியோ தொங்கினால் போதும் என்றும் விடமாட்டேன். தாடைக்கும் விலா எலும்புகளுக்கும் நடுவிலேயே இருக்க வேண்டும், ஒரே இழுப்பில் கையோடு வர வேண்டும், ஒவ்வொரு தடவை இறங்குவதற்கு முன்னாலும் ஜோடி அதை இழுத்துப் பார்க்க வேண்டும்.

ஜாக்கெட்டுக்கு இன்னொரு காரணமும் உண்டு. மேலே வந்து படகுக்காக அலையில் காத்திருக்கும்போது அது ஆளை நிமிர்த்தி வைக்கும். விங்கை அளவுக்கு மீறி ஊதினால் முகம் முன்னால் சாயும், பழகியவருக்கு அது பொருட்டே இல்லை, புதியவர் பயந்துபோவார்.

அடுத்து ஈயம். பார்க்காமல் முடிவாகச் சொல்ல முடியாது என்றாலும், அந்த எடைக்கும் அந்த மெல்லிய சூட்டுக்கும் எட்டு கிலோ மிக அதிகம். பல இடங்களில் இப்படிக் கட்டுவதற்குக் காரணம், மாணவர் மணலில் மண்டி போட்டு அசையாமல் இருந்தால் ஆசிரியருக்கு வேலை சுலபம். எனக்கு இது கோபம் வரும் விஷயம். தேவைக்கு மேல் மூன்று கிலோ ஈயம் இருந்தால், அதைத் தூக்க ஜாக்கெட்டில் மூன்று லிட்டர் காற்று கூடுதலாக ஊத வேண்டும். 18 மீட்டரில் அழுத்தம் 2.8 பார், 5 மீட்டரில் 1.5. அங்கே மூன்று லிட்டராக இருந்தது, வெளியேற்றாவிட்டால், இங்கே வரும்போது ஐந்தரை லிட்டருக்கு மேல் ஆகிவிடும். மேலே வரும் வழியில் பாதுகாப்புக்காக நின்று மூன்று நிமிடம் இருக்க வேண்டிய ஆழத்தில் நிற்க முடியாமல் ஆளை மேலே தூக்கிக்கொண்டு போவது இதுதான். ஈயம் அதிகமானால் ஆள் மூழ்குவார் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள், ஆனால் புதியவர் கட்டுப்பாடில்லாமல் மேலே பறப்பதற்கும் அதே ஈயம் காரணமாகிறது.

அடுத்த தடவை டைவ் முடிவில், சிலிண்டரில் 50 பார் இருக்கும்போது, 5 மீட்டரில் ஜாக்கெட்டைக் காலி செய்துவிட்டு நின்று பாருங்கள். சாதாரணமாக மூச்சு விட்டுக்கொண்டு அங்கேயே நிற்க முடிந்தால் ஈயம் சரி, கீழே போனால் அதிகம். டைவ் தொடக்கத்தில் இதைப் பார்த்து ஏமாறக் கூடாது, அலுமினியம் 80 சிலிண்டர் நிறைய இருக்கும்போது உள்ளே இருக்கிற காற்றே இரண்டரை கிலோவுக்கு மேல் எடை.

வாங்குவதென்றால் முதலில் மாஸ்க், கடையில் முகத்தில் வைத்துப் பார்த்து. அப்புறம் ஆளுக்கொரு டைவ் கம்ப்யூட்டர் (ஆழத்தையும் நேரத்தையும் கணக்கு வைக்கிற கருவி), ஒன்றை இரண்டு பேர் பகிர்ந்துகொள்வது வேண்டவே வேண்டாம், ஆழம் இரண்டு பேருக்கும் ஒன்றாக இருக்காது. பிறகு பூட்ஸும் ஃபின்ஸும். ரெகுலேட்டர் (சிலிண்டர் காற்றை மூச்சுக்குக் கொண்டுவருகிற கருவி) அவசரமில்லை. நீங்களும் தங்கையும்தான் எப்போதும் ஜோடி என்றால் ஏழடி ஹோஸுக்குத் தாராளமாக மாறலாம், ஆனால் ஒரே நேரத்தில் இரண்டு பேரும் மாறுங்கள், கடலுக்குப் போவதற்கு முன் நீச்சல்குளத்தில் சலிக்கும் வரை கொடுத்து வாங்கிப் பழகுங்கள்.