டிராகன் புத்தகம் கேட்டு நச்சரிக்கிறான்!

கேள்வி: ‘ஹவ் டு டிரெய்ன் யுவர் டிராகன்’ படம் பார்த்ததிலிருந்து எட்டு வயது மகன் அந்த வைக்கிங், டிராகன் புத்தகங்களைக் கேட்டு உயிரை வாங்குகிறான். 12 பாகமாமே, வாங்கலாமா?
- ஒரு வாசகி, ரோஸ்ஹில், மொரிஷியஸ்

பதில்: வாங்குங்கள், ஆனால் முதலில் ஒன்றே ஒன்று. ஆங்கில எழுத்தாளர் கிரெசிடா கோவெல் 2003-இல் தொடங்கி 2015-இல் முடித்த வரிசை இது. படத்தை நினைத்துக்கொண்டு திறந்தால் பையன் முகம் தொங்கிப்போகும், ஏனென்றால் அங்கே கன்னங்கரேலென்று ஆளைத் தூக்கிக்கொண்டு பறந்த டிராகன் டூத்லெஸ் இங்கே பல்லே இல்லாத, சொன்ன பேச்சுக் கேட்காத, திக்கித் திக்கிப் பேசி மானத்தை வாங்குகிற பொடிசு. எனக்கென்னவோ இந்தப் பொடிசைத்தான் பிடிக்கிறது. டிராகனைப் பழக்குவது எப்படி என்று ஒரு கையேடு வரும், ஆவலாகப் பிரித்தால் உள்ளே இருக்கிற யோசனையே அதைப் பார்த்து உரக்கக் கத்து என்பதுதான்! அந்த இடத்தில் வாய்விட்டுச் சிரித்தேன். ஓவியங்களும் ஆசிரியருடையவையே, மைக்கறை தெறித்த கிறுக்கல்கள். கடைசிப் பாகங்களில் போரும் சாவும் கூடுகின்றன, அதற்குப் பத்து வயதாகட்டும். அப்புறம், பிரெஞ்சில் வாங்கினால் நாயகன் ஹிக்கப்புக்குப் பெயர் ஹரோல்ட். வேறு புத்தகம் என்று கடையில் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள்.