ஒலிகள் தெரிகின்றன, சொல் சேரவில்லை: ஒரு பதில்

வணக்கம். ஆறு வயது மகள் ஆங்கில ஒலிகளைத் தனித்தனியே அறிந்திருந்தும், ‘மேப்’ என்ற சொல்லை ‘மு-ஏ-பு’ என்று பிரித்து நின்றுவிடுவதாக எழுதியிருந்தீர்கள். மெய்யொலியோடு அவள் சேர்க்கும் உகரமே தடை. அது இருக்கும்வரை ஒலிகள் ஒன்றோடொன்று ஒட்டமாட்டா. தமிழில் புள்ளி வைத்த ‘ம்’ அவளுக்குத் தெரிந்திருந்தால் (இது பெரிய அனுகூலம்) அதையே காட்டுங்கள். எம், எஸ், என், எஃப் போன்ற நீட்டக்கூடிய ஒலிகளில் தொடங்கும் சொற்களை முதலில் எடுத்து, ‘ம்ம்ம்’ என இழுத்தபடியே இடைவெளியின்றி உயிரொலிக்குச் செல்லப் பழக்குங்கள். நீட்ட முடியாத பி, டி, கே ஆகியவற்றின் ஒலிகள் இப்போதைக்குச் சொல்லின் இறுதியில் மட்டும் வரட்டும்.

எழுதும்போது, நீங்கள் சொல்லும் சொல்லில் ஒலிக்கு ஒரு விரலாக மடக்கிய பின்பே அவள் பென்சிலைத் தொடட்டும். ‘செட்’ என ஒலிக்கும் எஸ்-ஏ-ஐ-டி (said) போன்ற சொற்களில், நடுவிலுள்ள ஏ-ஐ மட்டுமே வழக்கமான ஒலியிலிருந்து விலகுகிறது என்று காட்டினால் போதும். முழுச்சொல்லையும் மனப்பாடம் செய்யச் சொல்லாதீர்கள்.